இந்திய, சீன மென்மர இறக்குமதி

மென்மரம் என்பது பைன், ஸ்புரூஸ், ஃபர் முதலிய ஊசியிலை மரங்களிலிருந்து கிடைக்கும் மரமாகும். இப்பெயர் தாவரவியல் வகைப்பாட்டைக் குறிப்பது. மரத்தின் உறுதியை அன்று. மிக இலேசான பால்சா மரம் வன்மர வகையைச் சேர்ந்தது. இந்தியாவும் சீனாவும் 1990களின் இறுதியில் தத்தம் காடுகளில் மரம் வெட்டுவதைக் கட்டுப்படுத்தியபின் அயல்நாட்டு மரத்தைப் பெருமளவில் நாடின. சீனா உலகின் மிகப்பெரிய மென்மர இறக்குமதி நாடுகளுள் ஒன்றானது. இந்தியாவில் நெடுங்காலம் வன்மரமே முதன்மை பெற்றிருந்தது.

இந்தியா

1988 ஆம் ஆண்டின் தேசிய வனக் கொள்கை, தொழிற்சாலைகள் தமக்கு வேண்டிய மரத்தை இயற்கைக் காடுகளிலிருந்து பெறாமல், உழவர் நிலங்களில் வளர்த்துப் பெற வேண்டும் என்றது. நீலகிரி மாவட்டம் கூடலூர்ப் பகுதிக் காடுகள் அழிவது குறித்து 1995 இல் தொடுக்கப்பட்ட கோதவர்மன் திருமுல்பாடு வழக்கில், உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 12 அன்று இடைக்கால ஆணை பிறப்பித்தது. நடுவண் அரசு ஏற்ற செயல்திட்டம் இன்றி நாட்டின் எந்தக் காட்டிலும் மரம் வெட்டுவதை அது நிறுத்தியது.

அதன்பின் மியான்மர் தேக்கும் மலேசிய மெராந்தியும் அதிகம் வந்தன. 2014 ஏப்ரல் 1 முதல் மியான்மர் உருட்டு மர ஏற்றுமதியைத் தடை செய்தது. மென்மரத்தில் நியூசிலாந்தின் ரேடியாட்டா பைன் முதலிடம் பெற்றது. இது பெரும்பாலும் குசராத்தின் கண்ட்லா துறைமுகத்தில் இறங்கி, அருகிலுள்ள காந்திதாம் அறுவை ஆலைகளுக்குச் செல்லும். அறுத்த மரத்தைவிட உருட்டு மரத்துக்குச் சுங்கவரி குறைவு என்பதால் அறுவைத் தொழில் உள்நாட்டிலேயே வளர்ந்தது.

பூச்சிகளைக் கொல்ல மெத்தில் புரோமைடு வளிமத்தால் புகையூட்டிய மரத்தை இந்தியா கோரியது. இவ்வளிமம் ஓசோன் படலத்தைச் சிதைப்பதாகும். நியூசிலாந்து 2021 இல் இதன் பயன்பாட்டுக்குக் கடுமையான விதிகளை வகுத்ததால் வணிகம் தடைப்பட்டது. உருகுவை பைன் அவ்விடத்தைப் பெருமளவு நிரப்பியது.

சீனா

1998 இல் யாங்சி ஆற்று வெள்ளத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். மேல்நிலக் காடுகள் அழிந்தமை ஒரு காரணமாகக் கருதப்பட்டு, இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுதல் கட்டுப்படுத்தப்பட்டது. 1999 இல் மர இறக்குமதி வரி நீக்கப்பட்டது. உருசியா முதன்மை வழங்குநரானது. அந்நாடு 2008 இல் உருட்டு மர ஏற்றுமதி வரியை 25% ஆக உயர்த்தவே, சீனா நியூசிலாந்து உருட்டு மரத்தையும் கனடாவின் அறுத்த மரத்தையும் கூடுதலாக வாங்கியது. 2022 சனவரி 1 முதல் உருசியா பதப்படுத்தாத மென்மர உருட்டுகளின் ஏற்றுமதியைத் தடை செய்தது. 2021 இல் தொடங்கிய வீட்டுமனைத் தொழில் சரிவால் சீனாவின் தேவையும் குறைந்தது.

பயன்பாட்டில் வேறுபாடு

சீனாவில் மென்மரம் கட்டடப் பணிகளில், குறிப்பாகக் கற்காரை வார்க்கும் அச்சுப் பலகைகளாக, மிகுதியாகப் பயன்படுகிறது. இந்தியாவில் பொதிப் பெட்டிகள் முக்கியப் பயன்பாடாகும். தாம்பரம் முதலிய சென்னைப் புறநகர்களில் வீட்டு நிலைக்கதவுக்குத் தேக்கு, வேங்கை போன்ற வன்மரங்களே விரும்பப்படுகின்றன. மறைமலைநகர், ஒரகடம் தொழிற்பகுதிகளில் இயந்திர உறுப்புகளை அனுப்பும் பெட்டிகளுக்கும் அடித்தட்டுகளுக்கும் பைன் பயன்படுகிறது. பன்னாட்டு விதிப்படி, ஏற்றுமதிப் பெட்டிக்கான மரத்தை வெப்பமூட்டும்போது அதன் நடுப்பகுதி 56 பாகை செல்சியசில் தொடர்ந்து 30 நிமிடம் இருக்க வேண்டும்.

சூழலியல் தாக்கம்

இரு நாடுகளும் தம் காடுகளைக் காத்தபோது, வெட்டும் சுமை பிற நாடுகளுக்கு இடம்பெயர்ந்தது. ஆயினும் எல்லா இறக்குமதியும் ஒரே தன்மையதன்று. நியூசிலாந்து, உருகுவை பைன் நட்டு வளர்த்த தோட்டங்களிலிருந்து கிடைப்பது. உருசிய மென்மரத்தின் பெரும்பகுதி இயற்கைக் காடுகளில் வெட்டப்படுவது. எனவே இறக்குமதியின் அளவுடன் அதன் மூலத்தையும் சேர்த்தே ஒப்பிட வேண்டியுள்ளது.