‘மற்றவை’ என்ற பத்தியில் பாரிட் புந்தார்

தொண்ணூறுகளில் மலேசியாவின் பாரிட் புந்தார்க் கடைகளில் கையடக்க விளையாட்டுக் கருவி வாங்கிய பிள்ளைகள் எந்தக் கணக்கில் இருக்கிறார்கள்? இதைத் தேடித்தான் நிண்டெண்டோவின் விற்பனை அட்டவணைக்குள் நுழைந்தேன்.

கேம் பாய் 118.69 மில்லியன், அடுத்த தலைமுறையான கேம் பாய் அட்வான்ஸ் 81.51 மில்லியன். பார்த்தவுடன் பெரிய சரிவு போலத் தெரியும். ஆனால் முதல் எண்ணுக்குள் 1989-இன் கறுப்பு வெள்ளைக் கருவி, 1996-இன் பாக்கெட், 1998-இன் கலர் எல்லாம் சேர்ந்திருக்கின்றன. அட்வான்ஸ் வரும்வரை பன்னிரண்டு ஆண்டுகள் அந்த வரிசைக்குப் போட்டியாக வீட்டுக்குள்ளேயே வாரிசு கிடையாது. 2001 மார்ச்சில் வந்த அட்வான்ஸுக்கோ நான்காண்டு நிறையும் முன்பே நிண்டெண்டோவின் அடுத்த கருவியான டிஎஸ் வந்துவிட்டது. இதைத் தோல்வி என்பது அநியாயம். பல கருவிகளை ஒரே எண்ணில் சேர்ப்பதும் நிண்டெண்டோவோடு நிற்கவில்லை: சோனியும் 2012 முதல் தன் கையடக்கக் கருவிகளான பிஎஸ்பி, வீட்டா இரண்டையும் ஒரே எண்ணாகத்தான் அறிவித்தது. ஆண்டுகளை எண்ணாமல் தலைமுறைகளை ஒப்பிடவே கூடாது.

அடுத்து, வட்டாரவாரிக் கணக்கு. கேம் பாய்க்கு ஜப்பான் 32.47, அமெரிக்கக் கண்டங்கள் 44.06, மற்றவை 42.16 மில்லியன். ஐரோப்பா முழுவதோடும் சேர்ந்து மலேசியாவும் அந்த ‘மற்றவை’யில் கிடக்கிறது. அதுவும் நிறுவனம் அனுப்பிய கருவிகளின் கணக்கு. பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் விரித்த பாயில் கிடந்த பிரிக் கேம், ‘9999 இன் 1’ என்று அச்சிட்ட அந்த மலிவுக் கருவி, எந்த நிறுவன அட்டவணையிலும் ஏறாது. தோட்டத்துப் பிள்ளைகள் பலர் கையில் முதலில் எட்டியது அதுதான் என்பதால் இந்த விடுபடல் எனக்கு உறுத்துகிறது.

சுங்கப் பதிவு கைகொடுக்குமா என்று உலகப் பொது வகைப்பாட்டுக்குத் திரும்பினேன். 2012-க்கு முன் 9504.10 என்ற எண் தொலைக்காட்சியில் இணைத்து ஆடும் கருவிகளுக்கு மட்டும் இருந்தது. தனித் திரை கொண்ட கையடக்கக் கருவி 9504.90-இல், சதுரங்கப் பலகை, கேரம் பலகைகளோடு கிடந்தது. இங்கும் ‘மற்றவை’தான்! அசலும் போலியும் சேர்ந்து நுழையக்கூடிய ஒரே ஏடு இது. அதிலும் தனித்துப் பிரிக்க வழியில்லை.

விளையாட்டுக் கருவிகள் எல்லாவற்றுக்குமாக 9504.50 என்ற எண் 2012-இல்தான் பிறந்தது. அதற்குள் 154.02 மில்லியன் விற்ற டிஎஸ்ஸின் காலம் முடிந்துகொண்டிருந்தது. முந்தைய ஆண்டு வந்த 3டிஎஸ், கைப்பேசிகளோடு மோதி, கடைசிவரை 75.94 மில்லியனைத்தான் தொட்டது.