அட்மின் நீங்கள்தான்... ஆனாலும் விண்டோஸ் ஏன் "முடியாது" என்கிறது?

மடிக்கணினி மெதுவாகிவிட்டது, விசிறி இரைகிறது. டாஸ்க் மேனேஜரைத் திறக்கிறீர்கள். முதல் வரிசையில் 'ஆன்ட்டிமால்வேர் சர்விஸ் எக்ஸிக்யூட்டபிள்'. 'என்ட் டாஸ்க்' அழுத்தினால் "அக்சஸ் இஸ் டினைட்" என்கிறது.

அட, நான்தானே அட்மின்?

நீங்கள்தான். ஆனால் அந்த அதிகாரத்துக்கும் எல்லை உண்டு.

அட்மின் கணக்கிலும் செயலிகள் பொதுவாகச் சாதாரண உரிமைகளுடன்தான் தொடங்கும். திரையில் வரும் கேள்விக்கு "யெஸ்" அழுத்தினால்தான் முழு அதிகாரம் கிடைக்கும். கிடைத்ததும் அந்தச் செயலி மற்றச் செயலிகளை நிறுத்தலாம், அவற்றின் நினைவகத்தைப் படிக்கலாம். நிரல் எழுதுவோர் பிழைகளைக் கண்டுபிடிக்க அது தேவை. ஊடுருவிகளுக்கும் அதுதான் வசதி!

அவர்கள் பெரும்பாலும் குறிவைப்பது 'எல்சாஸ்'. விண்டோஸில் நீங்கள் உள்நுழைவதைச் சரிபார்க்கும் பகுதி அது. கடவுச்சொல்லுக்கு ஈடான தகவல்கள் அதன் நினைவகத்தில் இருக்கும். அலுவலகத்தில் ஒரு கணினியில் அவை சிக்கினால் அடுத்தடுத்த கணினிகளுக்கும் வழி கிடைத்துவிடும்.

பூட்டு எப்படி வேலை செய்கிறது?

விஸ்டாவில் இது வந்தபோது நோக்கமே வேறு: திரைப்படங்களை நகலெடுப்பதைத் தடுப்பது. 2013இல் விண்டோஸ் 8.1 அதை எல்சாஸுக்கும் கிருமித்தடுப்பு மென்பொருளுக்கும் விரிவாக்கியது.

ஒரு நிரல் இன்னொன்றைக் கட்டுப்படுத்த விண்டோஸிடம் அனுமதி கேட்கவேண்டும். கேட்பவர் அட்மினா என்பது மட்டும் போதாது. கேட்கும் நிரலிலும் மைக்ரோசாஃப்ட் ஏற்கும் சிறப்பு மின்கையெழுத்து இருக்கவேண்டும். இல்லையென்றால் கதவு திறக்காது.

அப்போ, உடைக்கவே முடியாதா?

முடியும். விண்டோஸின் மையப்பகுதியான கெர்னலுக்குள் போய்விட்டால் இந்தப் பூட்டுக்கு மதிப்பில்லை. அங்கே போக டிரைவர் எனும் மென்பொருள் வேண்டும். அட்மினால் அதை நிறுவமுடியும். அதனால் ஊடுருவிகள், முறையான கையெழுத்து இருந்தும் ஓட்டையுள்ள பழைய டிரைவர்களைத் தேடி எடுத்து வருகிறார்கள். அத்தகைய டிரைவர்களைத் தடுக்கும் பட்டியல் விண்டோஸ் 11இன் 2022 மேம்பாட்டிலிருந்து தானாகவே இயங்குகிறது. இருந்தாலும், அட்மினுக்கும் கெர்னலுக்கும் இடையே உறுதியான பாதுகாப்பு எல்லை இருப்பதாக மைக்ரோசாஃப்ட்டே சொல்வதில்லை.

கெர்னலுக்குள் நல்லவர் தவறினாலும் ஆபத்துதான். 2024 ஜூலை 19ஆம் தேதி கிரவுட்ஸ்டிரைக் அனுப்பிய ஒரு பிழையான மேம்பாடு, சுமார் 8.5 மில்லியன் கணினிகளை முடக்கியது. சாங்கி விமான நிலையத்தில் சில விமான நிறுவனங்கள் கணினியை விட்டுவிட்டுப் பயணிகளைக் கையால் பதிவுசெய்தன.

சரி, உங்கள் மடிக்கணினிக்கு வருவோம். சோதனை முடிந்தால் வேகம் திரும்பிவிடும். பொறுமை இல்லையா? 'டாஸ்க் ஷெடியூலர்' மூலம் சோதனையை நீங்கள் தூங்கும் நேரத்துக்கு மாற்றிவிடலாம். அந்த அளவுக்கு அட்மின் அதிகாரம் போதும்.