ஏய்ப்பும் தவிர்ப்பும்

கல்லூரியில் எனக்கு ஆங்கிலம் கற்பித்த ஆசிரியர், ஒரே பொருள் தருவனபோல் தோன்றும் சொற்களைக் கரும்பலகையில் எழுதி அவற்றின் வேறுபாட்டைக் கேட்பார். ஒருநாள் எழுதியவை 'எஸ்கேப்', 'இவேட்', 'அவாய்ட்' என்னும் மூன்று. 'மூன்றும் தப்பித்தல்தான்' என்று சொல்லி அமர்ந்துவிட்டேன்.

அவர் விளக்கினார். முதற்சொல்லின் இலத்தீன் வேரில் மேலங்கி இருக்கிறது. பிடித்தவன் கையில் அங்கியை விட்டுவிட்டு ஓடுதலே அதன் தொடக்கப் பொருள். 'இவேட்' என்பது வெளியே நடந்து போதல். 'அவாய்ட்' என்பது பழைய பிரெஞ்சு மொழியில் வெறுமையாக்குதல். ஆங்கில நீதிமன்றங்களில் பத்திரத்தைச் செல்லாததாக்குவதற்கும் அது வழங்கியது. இக்காலச் சட்டத்தில் 'இவேஷன்' குற்றம். 'அவாய்டன்ஸ்' சட்டத்தின் எழுத்துக்குள் நின்றே விலகிக்கொள்வது. நாம் வரி ஏய்ப்பு என்றும் வரி தவிர்ப்பு என்றும் கூறுகிறோம்.

மாணவ நண்பர்களே, இந்த வேறுபாட்டின் கனத்தை நான் உணர்ந்தது தஞ்சை மாவட்டத்து நிலச் சட்டங்களின் வரலாற்றைப் படித்தபோதுதான்.

1940களில் காவிரிப் பாசனப் பகுதியில், சிறப்பாகக் கீழைத் தஞ்சையில், குத்தகையாளரும் பண்ணையாட்களும் மிராசுதாரர்களுக்கு எதிராக அணி திரண்டனர். 1952 ஆகஸ்டில் இராஜாஜியின் அமைச்சரவை, தஞ்சாவூர்க் குத்தகையாளர், பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டத்தைக் கொணர்ந்தது. அவ்வாண்டிலேயே அது நிலையான சட்டமாயிற்று. விளைச்சலில் ஐந்தில் இரு பங்கு குத்தகையாளருக்கு என்றது. காரணமின்றி அவரை நிலத்தைவிட்டு நீக்குவதைத் தடுத்தது. பண்ணையாளையும் நினைத்தபோது விலக்க முடியாதபடி செய்தது.

ஆனால் அதில் ஓர் எல்லை இருந்தது. ஒரு கிராமத்தில் ஒரு வேலிக்கு மேற்பட்ட நன்செய் உடையவரையே அது கட்டுப்படுத்தியது. வேலி என்பது இருபது மா. ஏறத்தாழ ஆறே முக்கால் ஏக்கர். ஐந்து வேலி உடைய ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். தந்தை, தாய், மூன்று மைந்தர் எனப் பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதினால் ஆளுக்கொரு வேலி. அடுப்பு ஒன்று, களம் ஒன்று, கணக்குப்பிள்ளை ஒருவர். காகிதத்தில் மட்டும் ஐந்து உடைமையாளர். பாகப்பிரிவினை குற்றமன்று. ஆகவே இது தவிர்ப்பு. பயிருக்கு வேலி என்பார்கள். இங்கே வேலி என்னும் அளவே வெளியேறும் வாயிலாயிற்று.

மற்றொரு வழி இதனினும் எளிது. என் நோக்கில் இதனினும் கொடிது. சட்டம் காத்தது பண்ணையாளை, அதாவது பண்ணையையே சார்ந்து வாழும் ஆளை. அவரை நிறுத்திவிட்டு அன்றாடக் கூலிக்கு ஆள் அமர்த்திக்கொண்டால் சட்டத்துக்கு அங்கே வேலையில்லை. வயல் அதுவே, சேறும் அதுவே. உழைப்பவரின் பெயர் மாறியது, பாதுகாப்புப் போயிற்று.

பிறகு 1961ஆம் ஆண்டு நில உச்சவரம்புச் சட்டம், ஐவர் அடங்கிய குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் என்று வரம்பு கட்டியது. 1970இல் அது 15 ஆகக் குறைந்தது. பொதுச் சமய அறக்கட்டளைகளுக்கு விலக்கு உண்டு. அறத்தின் பெயரில் விலக்கு இருக்குமானால் அறக்கட்டளைகள் பெருகுவதில் வியப்பென்ன? உறவினர், வேலைக்காரர் பெயர்களிலும் நிலம் எழுதப்பட்டது. இதற்கு நாம் வழங்கும் 'பினாமி' என்ற சொல் பாரசீகம். பெயரில்லாதது என்று பொருள். தன் பெயரில் நிலம் இருப்பதை அறியாத வேலைக்காரரும் இருந்தனர். இங்கே தவிர்ப்பு முடிந்து ஏய்ப்புத் தொடங்குகிறது. ஆயினும் பினாமி நடவடிக்கைகளைத் தடை செய்யும் மத்தியச் சட்டம் 1988இல்தான் வந்தது.

குத்தகையாளருக்கு நேர்ந்தது வேறு வகை. குத்தகை பெரும்பாலும் வாய்ப்பேச்சு. நெல்லை அளந்தால் இரசீது கிடையாது. இதனை அறிந்தே, குத்தகை உரிமைகளைப் பதிவு செய்ய 1969இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. பதிவு அலுவலர் முன் வந்து நின்ற உழவரை நோக்கிக் கேட்கப்படும் முதற்கேள்வி, 'உழுததற்குச் சான்று உண்டா?' என்பதே. அவரிடம் இருந்தது காய்த்துப்போன இரு கைகள். நிலக்காரர் எழுதிக்கொடுக்காத சீட்டை அவர் எங்கிருந்து கொணர்வார்?