உதையும் படுதலும்

சென்ற வாரம் ஆலங்காயத்து மைதானமொன்றில், ஜவ்வாது மலைப்பக்கம் வெயில் தணிந்துகொண்டிருந்த வேளையில், தற்காத்து நின்ற ஒரு பையனின் கணுக்காலில் கூடைப்பந்து தானாக வந்து மோதித் தெறிக்க, எதிரணியார் ஒரே குரலாய்க் "கிக்!" என்று கூவியும் நடுவர் ஊதாமல் ஆட்டத்தைத் தொடரவிட்டது முற்றும் நியாயமே, ஏனெனில், சர்வதேச விதி வேண்டுமென்றே காலால் உதைப்பதையும் தடுப்பதையும் குற்றமாக்குகிறதேயன்றி, தற்செயலாகக் கால் படுவதையன்று. இக்குற்றத்தைத் தமிழில் 'உதை' எனலாம். தடுப்பதற்கும் அச்சொல் பொருந்துமோ என்று ஐயுறுவோர், சாயும் சுவருக்கு முட்டுக்கொடுக்கும் மரத்தை 'உதைகால்' என்று சொல்வதை நினைக்கட்டும். அம்பு எய்தலுக்கும் வழங்கிய பழஞ்சொல் 'உதை'. பின்னர், பொதுவாக அடி என்னும் அர்த்தத்திலும், "கணக்கு உதைக்கிறது" என்கையில் பொருந்தாமை என்னும் அர்த்தத்திலும் விரிந்தது. ஈழத்தார் கால்பந்தை உதைபந்து என்றே அழைப்பர். 'கால்' என்பதும் பாதம் முதல் தொடைவரை அடங்கும் சொல். விதியும் காலின் எப்பகுதியையும் ஒதுக்கவில்லை. புத்தகத்தின்மேல் கால் பட்டால் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் நம் வீட்டுக் குழந்தைக்கும், படுதல் வேறு, உதைத்தல் வேறு என்பது தெரியும். போதைக்கும் பெயராகிவிட்ட 'கிக்' நமக்கு வேண்டாம். 'உதைப்பிழை' என்றே நடுவர்கள் அறிவிக்கட்டும்.