பால்வாடியின் வாசல்: இடம், நேரம், அடுப்பு

தமிழகத்து அங்கன்வாடிகளைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் இரண்டு கேள்விகளைச் சுற்றியே அமைகின்றன: பிள்ளைகளின் எடை கூடியதா, எழுத்து வந்ததா. இரண்டும் தேவையான கேள்விகள்தாம். ஆயினும் எந்தப் பிள்ளை அந்த வாசலுக்குள் வருகிறது, எது வராமலே நின்றுவிடுகிறது என்று பார்க்காமல் அவற்றுக்கு முழு விடை கிடைக்காது. ஒரு மையத்தை ஊரார் தங்களுடையதாகக் கருதுகிறார்களா என்பதைக் குழுக்கூட்டத் தீர்மான நோட்டில் தேடிப் பயனில்லை. கட்டடம் எங்கே நிற்கிறது, கதவு எப்போது திறந்து எப்போது சாத்தப்படுகிறது, அடுப்படியில் யார் இருக்கிறார் என்பவைதாம் அதைத் தீர்மானிக்கின்றன என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று நாட்டின் 33 வட்டாரங்களில் தொடங்கியது. இணை உணவு, தடுப்பூசி, மருத்துவப் பரிசோதனை, மேல்சிகிச்சைக்குப் பரிந்துரை, தாய்மாருக்கு நலக்கல்வி, முன்பருவக் கல்வி என்ற ஆறு பணிகளும் ஒரே கூரையின்கீழ் வந்தன. உலக வங்கி உதவியுடன் 1980இல் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் இங்கே ஒரு முக்கியமான முன்மாதிரியை விட்டுச் சென்றது. அதன் களப்பணியாளர் உள்ளூர்ப் பெண்ணாக இருக்க வேண்டும். ஏழையாயினும் தன் பிள்ளைகளை நலமாக வளர்த்துவரும் தாயாக இருந்தால் நல்லது என்று கருதப்பட்டது. படிப்புச் சான்றிதழுக்கு நிகராக அனுபவத்தைத் தகுதியாக ஏற்ற இந்த முடிவைப் பின்வந்த நிர்வாகிகள் போதிய அளவு மதிக்கவில்லை என்றே சொல்வேன். 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம் பால்வாடிப் பிள்ளைகளையும் பந்தியில் உட்காரவைத்தது. இன்று மாநிலத்தில் 54 ஆயிரத்தை ஒட்டிய மையங்கள் உள்ளன.

முதலில் இடம். 400 முதல் 800 பேருக்கு ஒரு மையம் என்பது பொதுவான அளவுகோல். இது ஊரை ஒரே திரளாகக் கணக்கிடுகிறது. ஊரும் பட்டியல் சாதியார் வாழும் காலனியும் தனித்தனியே கிடக்கும் ஒரு கிராமத்தில் கணக்கு சரியாக இருக்கும். ஆனால் மூன்று வயதுப் பிள்ளை நடுவிலுள்ள தார்ச்சாலையைத் தானாகக் கடக்க முடியாது. கொண்டுவிடப் பாட்டி இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு அந்த மையம் இல்லாததற்குச் சமம். இதை உணர்ந்துதான் உச்ச நீதிமன்றம், பட்டியல் சாதி, பழங்குடிக் குடியிருப்புகளுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றது. ஆறு வயதுக்குட்பட்ட 40 குழந்தைகள் உள்ள குடியிருப்பு கேட்டால் மூன்று மாதத்தில் மையம் அமைக்க வேண்டும் என்று 2006இல் ஆணையிட்டது. ஆனால் காலனியில் மையம் அமைவது ஊர்ப் பிள்ளைகளும் அங்கே வருவதற்கு உத்தரவாதமாகிவிடாது. எனவே புதிய கட்டடங்களுக்கு இரு பகுதியாரும் தயங்காமல் வரக்கூடிய இடத்தைத் தேர்வது பொறியாளர் மட்டும் முடிவு செய்யும் காரியமாக இருக்கலாகாது.

நேரம் இதைவிடச் சிக்கலானது. நடவுக்கும் களையெடுப்புக்கும் போகும் பெண் விடிந்த கையோடு வீட்டைவிட்டுக் கிளம்பிவிடுகிறாள். அப்போது பால்வாடிக் கதவு பூட்டியிருக்கும். மாலையில் அவள் திரும்பும் முன்பே மறுபடி பூட்டப்பட்டுவிடும். இடைப்பட்ட நேரத்துக்கு மூத்த பெண் பிள்ளை பள்ளிக்குப் போகாமல் நின்று தம்பியைப் பார்த்துக்கொள்கிறாள். நூறு நாள் வேலைச் சட்டம் இதை ஓரளவு கண்டுகொண்டது: வேலையிடத்துக்கு ஆறு வயதுக்குட்பட்ட ஐந்து குழந்தைகளோ அதற்கு மேலோ வந்தால், அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை அமர்த்த வேண்டும் என்று அது விதித்தது. ஒரு துறை ஏற்றுக்கொண்ட தேவையை இன்னொரு துறையின் கால அட்டவணை கணக்கில் எடுக்கவில்லை. கல்வியை மட்டும் தருவதாக எண்ணிக்கொண்டு பராமரிப்பைத் தள்ளிவைக்கும் மையம், மிகவும் தேவைப்படும் வீட்டையே தவறவிடுகிறது.

அடுப்படிக்கு வருவோம். வாரத்தில் மூன்று முட்டை, கலவை சாதம், சத்துமாவுக் கொழுக்கட்டை. சத்துமாவைப் பிசைந்து உருட்டும் ஆயாவைச் சுற்றி நான்கு பிள்ளைகள் குந்தியிருப்பார்கள். ஒருத்திக்கு ஒரு சிறு உருண்டை கிடைக்கும், அவள் அதைத் தட்டிப் பாம்பாக்கி நீட்டுவாள். கைவிரல் பயிற்சி, மொழி, அளவு எல்லாம் அங்கேயே நடக்கின்றன. ஆனால் அந்த ஆயாவின் சாதி பலருக்குத் தடையாகிறது. 2018இல் திருப்பூர் மாவட்டப் பள்ளி ஒன்றில் பட்டியல் சாதியைச் சேர்ந்த சத்துணவுச் சமையலருக்குப் பெற்றோர் சிலர் காட்டிய எதிர்ப்பு செய்தியானது. செய்தியாகாமல் போகும் விலகல்கள் இன்னும் ஓசையற்றவை: பிள்ளை மையத்தில் விளையாடும், சாப்பாட்டு வேளைக்கு வீட்டுக்கு அழைக்கப்படும். வருகைப் பதிவேடு இதைக் காட்டாது. சேர்ந்து உண்ணாத இடத்தில் சமூகப் பங்கேற்பு இருப்பதாக அறிக்கை எழுதுவது தவறு.

2019 ஜனவரியில் நடுநிலைப் பள்ளி வளாகங்களிலுள்ள 2,381 மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கப்பட்டன. வேனில் ஏறித் தனியார் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளைத் திரும்ப அழைக்கும் முயற்சி அது. பெற்றோரின் ஆசையைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் நோட்டும் சீருடையும் வந்த பிறகும் அதே நேரத்துக்கே கதவு பூட்டப்பட்டால், வயலுக்குப் போகும் தாய்க்கு எதுவும் மாறவில்லை. நேரத்தை நீட்டினால் டீச்சரும் ஆயாவும் கூடுதலாக உழைக்க வேண்டும். அவர்களுக்கு இன்னும் முழு அரசு ஊழியர் நிலை கிடையாது. பணிக்கொடைக்கு உரியவர்கள் என்பதையே உச்ச நீதிமன்றம் 2022 ஏப்ரலில்தான் தீர்ப்பாகச் சொல்ல வேண்டியிருந்தது. ஆகவே நேர நீட்டிப்பு பற்றிய எந்தத் திட்டமும் இரண்டாவது ஆயா பணியிடத்திலும் நியாயமான ஊதியத்திலும் தொடங்க வேண்டும். முதல் கட்டமாக, விவசாயக் கூலிப் பெண்கள் அதிகமுள்ள வட்டாரங்களில் நடவு, அறுவடை மாதங்களில் மட்டுமாவது அதைச் செய்து பார்க்கலாம்.