கல்லெழுத்தைக் கற்பித்த ஆசிரியர்

ஊர் வரலாற்றை எழுதப் பெரும் பதவி தேவையில்லை என்பதற்குத் தி. வை. சதாசிவ பண்டாரத்தார் அவர்களின் வாழ்வே சான்றாகும்.

1892 இல் கும்பகோணத்தை அடுத்த திருப்புறம்பயத்தில் பிறந்த அவர், குடந்தை பாணாதுறை உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியராகப் பணியாற்றியவாறே கல்வெட்டுகளை ஆராய்ந்தார். நிலக்கொடை, வரி, ஊர்ச்சபை பற்றிக் கல் கூறியவற்றையெல்லாம் வரலாறாக்கினார். 1942 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அவரை ஏற்றது. தாம் பிறந்த ஊரின் வரலாற்றையும் மறவாது எழுதினார்.

'பிற்காலச் சோழர் சரித்திரம்' முதற்பகுதி 1949 இல் வெளிவந்தது. 1960 இல் அவர் மறைந்தார்; மூன்றாம் பகுதியை அச்சில் காணும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை.

சுண்ணாம்பு பூசி மறைக்கப்படும் ஒவ்வொரு கல்லோடும் ஓர் ஊரின் சாட்சியம் மறைகின்றது. நம் ஊரின் பழங்கற்களையும் பத்திரங்களையும் பேணுதல் நம் கடமையன்றோ!