ஒளிப்பட நாள் முத்திரை நீக்கம்

ஒளிப்பட நாள் முத்திரை நீக்கம் என்பது, படம் எடுக்கப்பட்ட நாளையும் நேரத்தையும் காட்டும் எண்களை எண்ணிம ஒளிப்படத்திலிருந்து அகற்றும் செயல்முறை ஆகும். இவ்வெண்கள் பெரும்பாலும் படத்தின் வலப்பக்கக் கீழ் மூலையில் செம்மஞ்சள் அல்லது மஞ்சள் நிறத்தில் காணப்படும். படத்தின் அழகைக் கெடுப்பதாகக் கருதிப் பலரும் இவற்றை நீக்க விரும்புகின்றனர். எனினும், சில படங்களில் காலத்தை அறிய எஞ்சியிருக்கும் ஒரே சான்று இம்முத்திரையாகவே இருக்கக்கூடும்.

தோற்றம்

படச்சுருள் ஒளிப்படக்கருவிகளின் பின்மூடியில் சிறு மின்கடிகாரம் ஒன்று பொருத்தப்பட்டு, அதன் எண்கள் ஒளியால் படச்சுருளில் பதிக்கப்பட்டன. 1980களிலும் 1990களிலும் இவ்வசதி சிறிய கருவிகளில் பரவலாக இருந்தது. படச்சுருளில் நாளைக் குறிக்க வேறு எளிய வழி இல்லை. எண்ணிமக் கருவிகள் இவ்வழக்கத்தை அப்படியே தொடர்ந்தன.

ஆனால் எண்ணிமப் படத்தில் இதற்கான தேவை குறைவு. 1995 இல் சப்பானில் வெளியிடப்பட்ட எக்சிஃப் என்னும் சீர்தரத்தின்படி, நாளும் நேரமும் படக்கோப்பின் உள்ளேயே எழுத்து வடிவில் சேமிக்கப்படுகின்றன. எடுத்துக்காட்டாக, 2016 ஏப்ரல் 3 காலை 9 மணி 5 நிமிடம் என்பது 2016:04:03 09:05:00 என எழுதப்படும். இத்தகைய தகவல் மீதரவு எனப்படுகிறது. இது படத்தின் மேல் தெரிவதில்லை. முத்திரையை நீக்கினாலும் மீதரவு கோப்பில் இருக்கலாம். மீதரவை அழித்தாலும் முத்திரை படத்தில் இருக்கும்.

நீக்கும் முறைகள்

முத்திரை இடப்படும்போது, அவ்விடத்தில் இருந்த படவணுக்களுக்கு மாற்றாக எண்களின் படவணுக்கள் எழுதப்படுகின்றன. எண்களுக்கு அடியில் பழைய படம் மறைந்து கிடப்பதில்லை. ஆகவே எந்த முறையும் அப்படத்திலிருந்தே மூலக்காட்சியை மீட்பதில்லை. அவ்விடத்தை ஊகித்து நிரப்புகிறது அல்லது வெட்டி விடுகிறது.

வெட்டுதல்: இதுவே மிக எளிய முறை. பல சிறிய எண்ணிமக் கருவிகளின் படங்கள் 4:3 விகிதத்தில் அமைந்தவை. 4×6 அங்குலத் தாளில் முழுமையாக அச்சிட அவற்றின் உயரத்தில் ஒன்பதில் ஒரு பங்கு எப்படியும் வெட்டப்பட வேண்டும். அப்பங்கைக் கீழ்ப்பக்கத்தில் வெட்டினால், முத்திரை பெரும்பாலும் அதனுடன் போய்விடும்.

நகலெடுத்து ஒட்டுதல்: அருகிலுள்ள பகுதியை நகலெடுத்து எண்களின் மேல் இடுவது. அடோபி போட்டோசாப், கட்டற்ற மென்பொருளான கிம்ப் ஆகியவற்றில் இதற்கான கருவிகள் உள்ளன.

இட்டு நிரப்பல்: எண்கள் உள்ள இடத்தைக் குறித்துக் கொடுத்தால், சுற்றியுள்ள நிறங்களைக் கொண்டு கணினியே அதை நிரப்பும். பெர்டால்மியோ முதலியோர் 2000 இலும், டெலியா 2004 இலும் வெளியிட்ட படிமுறைகள் இவ்வகையில் புகழ் பெற்றவை. 2010 இல் வெளியான போட்டோசாப் சிஎஸ்5 இவ்வகை வசதியைப் பொதுப் பயனர்களிடம் கொண்டு சேர்த்தது. ஜேபெக் முறை படத்தை 8×8 படவணுக் கட்டங்களாகப் பிரித்துக் குறுக்குவதால், எண்களின் ஓரத்தில் மங்கலான நிறக்கசிவு ஏற்படும். எனவே எண்களைச் சற்று அகலமாகவே குறித்தல் வேண்டும்.

பின்னணியைப் பொறுத்தே பயன் அமையும். பெசன்ட் நகர் கடற்கரை மணலின் மேல் உள்ள முத்திரையைச் சுவடின்றி அகற்றலாம். மயிலாப்பூர் மாடவீதியில் இடப்பட்ட புள்ளிக் கோலத்தின் மேலோ, தியாகராய நகர் அரங்கநாதன் தெருவின் கடைப் பலகையின் மேலோ முத்திரை விழுந்திருந்தால், கணினி இல்லாத புள்ளியையும் எழுத்தையும் உருவாக்கிவிடக்கூடும். செயற்கை நுண்ணறிவு மென்பொருள்கள் இதை மேலும் நம்பும்படி செய்கின்றன.

முத்திரையின் நம்பகத்தன்மை

முத்திரை காட்டும் நாள் சரியானதாக இருக்க வேண்டும் என்பதில்லை. மின்கலம் நெடுநாள் அகற்றப்பட்டால் கருவியின் கடிகாரம் தொடக்க நாளுக்குத் திரும்பிவிடும். எழுதும் வரிசையாலும் குழப்பம் நேரும். 03 04 16 என்னும் முத்திரையை 2016 ஏப்ரல் 3 என்றோ, 2016 மார்ச் 4 என்றோ, 2003 ஏப்ரல் 16 என்றோ படிக்கலாம். படத்தில் இருப்பது மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயில் குடமுழுக்கு என்று தெரிந்தால், அது நடைபெற்ற 2016 ஏப்ரல் 3 என்பதே பொருந்தும்.

நேர வலயமும் கருதத்தக்கது. இலண்டனிலிருந்து மார்கழியில் சென்னைக்கு வருபவர் தம் கருவியின் கடிகாரத்தை மாற்றாமல், காலை 5 மணிக்கு மாடவீதி பசனையைப் படமெடுத்தால், முத்திரை முந்தைய நாள் இரவு 11.30 எனக் காட்டும். எக்சிஃப் சீர்தரத்தில் நேர வலயத்தைக் குறிக்கும் புலம் 2016 இல்தான் சேர்க்கப்பட்டது.

சான்று மதிப்பு

2015 திசம்பர் தொடக்கத்தில் அடையாறு கரைபுரண்டபோது, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் முதலிய பகுதிகளில் வீடுகளுக்குள் நீர் புகுந்தது. இத்தகைய வெள்ளத்தில் எந்தத் தெருவில் எந்நேரத்தில் எவ்வளவு நீர் நின்றது என்பதற்கு மக்கள் எடுத்த படங்கள் சான்றாகின்றன. நேரம் தெரியாத படத்துக்கு அம்மதிப்பு குறைவு. வாட்சப் வழியாக வழக்கமான முறையில் அனுப்பப்படும் படங்களில் எக்சிஃப் தகவல் நீங்கிவிடும். பழைய அச்சுப்படங்களை வருடி உருவாக்கும் கோப்புகளில், மீதரவு வருடிய நாளையே காட்டக்கூடும். இவ்விரு வகையிலும் முத்திரையை அழித்தால் நாளும் அழிந்துவிடும்.

2024 சூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியம், 2023 இன் 63 ஆம் பிரிவு மின்னணுப் பதிவுகளைச் சான்றாக ஏற்பதற்கான விதிகளைக் கூறுகிறது. அதற்குரிய சான்றிதழில் கோப்பின் ஹாஷ் என்னும் எண்சுருக்கம் குறிக்கப்படுகிறது. கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் இவ்வெண் மாறிவிடும். ஆகவே முத்திரை நீக்கப்பட்ட படம் மூலக்கோப்புக்கு ஈடாகாது.

நீக்கும் முன் கவனிக்க வேண்டியவை

* மூலக்கோப்பை மாற்றாமல் தனியே சேமித்து, நகலில் மட்டும் திருத்தம் செய்தல்.
* மீதரவில் உள்ள நாளை முத்திரையுடன் ஒப்பிடுதல்.
* மீதரவு இல்லையெனில், முத்திரையில் உள்ள நாளை எக்சிஃப்டூல் போன்ற மென்பொருளால் நகலில் எழுதுதல்.
* கோப்பின் பெயரை ஆண்டு, மாதம், நாள் என்னும் வரிசையில் தொடங்குதல்.
* இனி எடுக்கும் படங்களுக்குக் கருவியின் கடிகாரத்தைச் சரிசெய்து, முத்திரை வசதியை நிறுத்தி வைத்தல்.

விக்கிமீடியா பொதுவகத்தில் படத்தின் மேல் தெரியும் முத்திரைகள் ஊக்குவிக்கப்படுவதில்லை. நாள், இடம் முதலிய விவரங்களைப் படத்தின் விளக்கப் பக்கத்தில் குறிப்பதே அங்குள்ள வழக்கம்.